ஏரியும் ஊரும் பெயர் மாறிய வரலாற்றைச் சிங்கப்பூரிலிருந்தே கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

பாட்டனார் பிறந்த ஊருக்கு முன்பு என்ன பெயர், அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரியோ கண்மாயோ எப்பெயரால் வழங்கியது என்று அறிய விரும்பும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வேலையின் பெரும்பகுதியை இங்கிருந்தபடியே முடித்துவிடலாம். எஞ்சியதற்கு மட்டும் ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

புதிதாக இதில் இறங்குவோர் பெரும்பாலும் தடுமாறுவது ஆவணம் கிடைக்காததால் அன்று, வரிசை பிறழ்வதால். எங்கோ படித்த பழம்பெயர் ஒன்றை இன்றைய ஊரின்மேல் ஏற்றப் பார்க்கிறார்கள். முறை அதற்கு நேர்மாறானது: முதலில் இடத்தை ஐயமின்றி நிலைநிறுத்த வேண்டும்; பிறகு அந்த இடம் தாங்கிய பெயர்களை இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஏரியின் பெயரையும் ஊரின் பெயரையும் தொடக்கம் முதலே இரண்டு தனி வரிசைகளாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவை ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் மாறுவது அரிது.

1. வீட்டிலுள்ள தாள்களிலிருந்து தொடங்குங்கள்

பழைய கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ், மணியார்டர் ரசீது, ஊரிலிருந்து வந்த கடித உறைகள், கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, அவற்றில் உள்ள ஊர், தாலுகா, ஜில்லாப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுங்கள். பிழையாகத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். கப்பல் ஏறிய காலத்து எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய வடிவமே பின்னால் பழைய வரைபடங்களில் உங்கள் ஊரைத் தேடித் தரும் சாவி. அதைத் திருத்திவிட்டால் சாவி கைநழுவிவிடும்.

ஊர்ப் பெயர் மட்டும் போதாது. மூன்று அடுக்கும் வேண்டும், ஏனெனில் ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன. சென்னைக்கு வடக்கே பொன்னேரி என்றொரு நகரம் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் பொன்னேரி என்றே வழங்கும் பேரேரி ஒன்று உண்டு. தாலுகா தெரியாமல் தேடினால் முன்னதன் செய்தி பின்னதன் கணக்கில் ஏறிவிடும்.

குடும்பத்து மூத்தவர்களிடம் ‘ஊரின் பழைய பெயர் என்ன?’ என்று நேரடியாகக் கேட்பதில் பயன் குறைவு. அக்கேள்விக்குப் பெரும்பாலும் கதைதான் விடையாக வரும். ‘நம் வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் வந்தது, கரையில் எந்தச் சாமி இருந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் நம் ஏரியை எப்படிச் சொல்வார்கள்?’ என்று கேளுங்கள். மடைப் பெயர்களும் கரைத் தெய்வங்களின் பெயர்களும் ஏரிப் பெயரைவிட மெதுவாகவே மாறுகின்றன.

பெரியவர்கள் மறைந்துவிட்ட குடும்பத்தினருக்கும் வழி உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் அளித்த நேர்காணல்களும் உள்ளன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பார்க்கலாம். இரங்கல் அறிவிப்புகளில் பூர்வீக ஊர் குறிப்பிடப்படுவது உண்டு. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும் என்பதால், விக்டோரியா ஸ்திரீட்டுக்குப் போகும் நாளில் பல தேடல்களை ஒருசேர வைத்துக்கொள்வது நல்லது.

2. உள்ளூர் நீர்த்தேக்கம் ஒன்றில் பயிற்சி செய்யுங்கள்

கல்வெட்டுப் பக்கம் போவதற்கு முன், விடை ஏற்கெனவே தெரிந்த ஓர் எடுத்துக்காட்டில் கையைப் பழக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். சிங்கப்பூரிலேயே அதற்கு ஏற்ற நீர்நிலைகள் உள்ளன.

இன்றைய மெக்ரிட்சி நீர்த்தேக்கம் 1922 வரை தாம்சன் ரோடு நீர்த்தேக்கம் என்றே வழங்கியது. அதே ஆண்டில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் பியர்ஸ் என்ற பெயர் பெற்றது. இரண்டும் நகராட்சிப் பொறியாளர்களின் பெயர்கள். நாளிதழ்த் தொகுப்பில் நான்கு பெயர்களையும் தனித்தனியே தேடி, எந்தப் பெயர் எந்த ஆண்டுக்குப் பிறகு அருகுகிறது என்று பாருங்கள். ஆணை பிறந்த பிறகும் பழைய பெயர் மக்கள் வழக்கில் சில காலம் நீடிக்கும் என்பதைக் கண்ணால் காண இதுவே நேரடியான வழி.

பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1975இல் அதற்கு மேலே மற்றொரு நீர்த்தேக்கம் கட்டப்பட்டதால் பழையது ‘கீழ் பியர்ஸ்’ ஆயிற்று. அதாவது, தன்னிடத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே, பக்கத்தில் புதிதாக ஒன்று வந்ததால் மட்டும் ஒரு நீர்நிலையின் பெயர் மாறலாம். தமிழ்நாட்டு ஊர்களில் ‘பெரிய ஏரி’, ‘சித்தேரி’ என்ற இணைகளைக் காணும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். சித்தேரி வெட்டப்படும் வரை மற்றதைப் ‘பெரிய’ ஏரி என்று அழைக்கத் தேவையே இருந்திருக்காது.

ஊர்ப் பெயருக்கு நீசூன் போதும். அது ஈசூன் ஆனது எழுத்துப்பெயர்ப்பு முறை மாறியதால், மூலப்பெயர் மாறவில்லை. ஒலிவடிவம் மாறுவதும் பெயரே மாறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதால் உங்கள் குறிப்பேட்டில் இவ்விரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இன்றைய இடத்தைப் புல எண்ணோடு நிலைநிறுத்துங்கள்

தமிழ்நாட்டில் ‘ஊர்’ என்று பேச்சில் சொல்வது ஆவணத்தில் மூன்று வேறு பொருள்களில் இருக்கலாம்: வருவாய்க் கிராமம், ஊராட்சி, குக்கிராமம். உங்கள் குடும்பம் சொல்லும் பெயர் பெரும்பாலும் குக்கிராமத்துக்கு உரியது. அரசுப் பதிவேடு வைத்திருப்பதோ வருவாய்க் கிராமத்தின் பெயர். ஏரி மூன்றாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் இருக்கவும் கூடும். இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாமல் மேலே செல்பவர்கள், வேறோர் ஊரின் வரலாற்றை முழுமையாகத் திரட்டிய பிறகே அது தம் ஊருக்கு உரியதன்று என்று உணர்கிறார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் ஏரியைக் கண்டுபிடித்து அதன் அச்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் தமிழ்நாடு அரசின் இணைய நிலப்பதிவுச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் வாரியாக அ-பதிவேட்டை, அதாவது கிராமத்து நிலங்களின் பட்டியலைத் திறந்து, நீர்நிலைக்கு உரிய புல எண்ணை (நில அளவை எண்ணை)த் தேடுங்கள். புல எண் தெரியவில்லையென்றால் ஊரிலுள்ள உறவினர் ஒருவர் தம் பட்டாவில் இருக்கும் எண்ணைச் சொல்லட்டும். கிராம வரைபடத்தில் அதிலிருந்து ஏரிக்கு நகர்ந்துவிடலாம்.

பதிவேட்டில் ஏரிக்குத் தனிப்பெயர் இல்லாமல் ‘ஏரி’ அல்லது ‘கண்மாய்’ என்று மட்டும் இருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். ஏரிக்கு ஊரின் பெயரையே சூட்டிப் பட்டியலிடுவது ஆங்கிலேயர் கால வருவாய், பொதுப்பணித் துறைகளின் வழக்கம். பல பழைய ஏரிப் பெயர்கள் அப்போதுதான் ஏட்டிலிருந்து மறைந்தன என்பது என் கணிப்பு. ஆகவே ஏட்டில் இல்லை என்பதால் பெயரே இருந்ததில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

4. வகைச் சொல்லையும் தனிப்பெயரையும் பிரித்தெழுதுங்கள்

வடமாவட்டங்களில் ஏரி, தாங்கல்; இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பக்கம் கண்மாய், ஏந்தல்; திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் குளம்; குடிநீருக்கு ஊருணி. வடமொழி ஆவணத்தில் இவை தடாகம் ஆகும். பெரிய ஏரி சமுத்திரம் என்றும் பெயர் பெறும். வகைச் சொல் மாறியிருப்பதைக் கண்டு பெயர் மாறிவிட்டதாகக் கொள்வது மிகப் பரவலான பிழை.

சில இடங்களில் வகைச் சொல்லே ஊரின் பெயருக்குள் புகுந்துவிடும். தாங்கல், ஏந்தல், குளம், சமுத்திரம் என்று முடியும் ஊர்களில் ஏரி முந்தியது, ஊர்ப் பெயர் பிந்தியது என்று தற்காலிகமாகக் கொண்டு தொடங்கலாம். அம்பாசமுத்திரம் பாண்டியர் காலக் கல்வெட்டில் இளங்கோக்குடி. இன்றைய பெயரின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு பழைய கல்வெட்டுகளில் தேடியிருந்தால் அதைக் கண்டிருக்கவே முடியாது.

முதலெழுத்துச் சுருக்கங்களையும் விரித்தெழுதுங்கள். ஆர்.எஸ்.மங்கலம் என்பது இராசசிங்கமங்கலம். விரித்தால் பாண்டிய மன்னன் ஒருவனின் பெயர் வெளிப்படுகிறது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று அப்பகுதி மக்கள் சொல்லும் அதன் நீர்நிலைக்கோ இன்று ‘பெரிய கண்மாய்’ என்பதே வழக்கு. ஊர் மன்னன் பெயரைச் சுருக்கமாகவேனும் காத்துக்கொள்ள, கண்மாய் வகைச் சொல்லாகவே நின்றுவிட்டது.

5. ஆங்கிலேயர் கால ஆவணங்கள் வழியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டி நேரே கல்வெட்டுக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கல்வெட்டுத் தொகுதிகள் 1880களின் இறுதி முதல் பதிப்பிக்கப்பட்டவை. அவற்றில் ஊர்கள் அன்றைய தாலுகா, அன்றைய ஜில்லா, அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆகியவற்றின்கீழ் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வடிவங்களை அறியாமல் தொகுதியைத் திறந்தால் ஊர் கண்முன் இருந்தும் தெரியாது.

எனவே இன்றைய மாவட்டத்தை அன்றைய ஜில்லாவாக மாற்றுங்கள். தென்காசி மாவட்டம் 2019இல் உருவானது. அதற்கு முன் அது திருநெல்வேலி. சிவகங்கையும் விருதுநகரும் 1985 வரை இராமநாதபுரத்தில் இருந்தன. இராமநாதபுரம் ஜில்லாவே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து அமைக்கப்பட்டது. கடலூர் 1993 வரை தென்னார்க்காடு. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்ததால் சென்னை மாகாண ஏடுகளில் அதைத் தேடுவது வீண். அதன் கல்வெட்டுகளைச் சமஸ்தானமே தனித் தொகுப்பாக வெளியிட்டது.

மாவட்டக் கையேடுகள் 1868 முதலும், அவற்றுக்குப் பின் வந்த கெசட்டியர்கள் 1906 முதலும் வெளியாயின. பல, மின்னூல்களாகக் கிடைக்கின்றன. லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இவற்றோடு 1871 முதல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின் ஊர்ப் பட்டியல்களையும், இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களையும் ஒப்பிடுங்கள். செங்கல்பட்டுப் பகுதியினருக்குக் கூடுதல் வாய்ப்பு ஒன்று உண்டு: 1767 முதல் 1774 வரை ஆங்கிலேய அளவையாளர் பர்னார்டு நடத்திய அளவை அங்கு ஊர் ஊராக ஏரி, குளம் வரை கணக்கெடுத்தது.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். ‘ழ’ பல வடிவங்களில் வரும். குறில் நெடில் வேறுபாடு இராது. ‘பாக்கம்’ ‘பாக்’ ஆகும். அண்மைக் காலத்திலும் இது ஓய்ந்தபாடில்லை: 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 இடங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அந்த வாரத்தில் எழுதப்பட்ட பதிவுகள் சில இணையத்தில் இன்னும் உலவுவதால், அவ்வடிவங்களைத் தனிப் பெயர்மாற்றமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

6. கல்வெட்டில் ‘ஆன’ என்ற இணைப்பைத் தேடுங்கள்

இதுவே வேலையின் நடுநாயகம்; நிதானமாகச் செய்ய வேண்டியதும் இதுதான்.

சோழர் காலக் கல்வெட்டு ஓர் ஊரைக் குறிக்கும்போது பெரும்பாலும் இன்ன மண்டலத்து, இன்ன வளநாட்டு, இன்ன நாட்டு, இன்ன ஊரான இன்ன சதுர்வேதிமங்கலம் (பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர்) என்ற அடுக்கில் சொல்லும். ‘ஆன’ என்ற அச்சிறு சொல்லே பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே கல்லில் கட்டிவைக்கும் முடிச்சு. அது கிடைத்தால் பெயர்மாற்றம் உறுதி. அது கிடைக்காமல் இரண்டு பெயர்களின் ஒலி ஒத்திருக்கிறது என்பது ஊகம் மட்டுமே.

அடுக்கில் எல்லாப் படிகளும் ஒரே அளவில் நிலையானவை அல்ல. மண்டலப் பெயரும் வளநாட்டுப் பெயரும் அரசர்தோறும் மாறின. முதலாம் இராசராசன் காலத்தில் தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. வளநாடுகள் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மீண்டும் பெயர் மாறின. ‘நாடு’ என்ற படியோ பல நூற்றாண்டுகள் தங்கியது. எனவே ஊர்ப் பெயர் ஐயமாக இருக்கும்போது நாட்டின் பெயரை நங்கூரமாகக் கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க் கல்வெட்டுகள் அதே நாட்டைச் சொல்கின்றனவா என்று சரிபாருங்கள்.

ஆண்டுக் கணக்கில் அவசரம் கூடாது. கல்வெட்டு தருவது பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டு. இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறிமாறிச் சூடிக்கொண்டதால், பட்டம் மட்டும் இருந்தால் எந்த மன்னன் என்று உறுதியாகாது. மன்னனின் புகழைப் பாடும் முன்னுரையான மெய்க்கீர்த்தி இருந்தால் பிழைத்தோம்: ‘திருமகள் போல’ என்று தொடங்குவது முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்பது முதலாம் இராசேந்திரன். மேலும், ஒரு பெயர் முதன்முதலாகக் காணப்படும் ஆண்டு, அப்பெயர் சூட்டப்பட்ட ஆண்டு ஆகாது. ‘இவ்வாண்டில் வழக்கில் இருந்தது’ என்று மட்டுமே எழுதலாம்.

எழுத்தமைதியும் ஏமாற்றும். அக்காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. ‘ஏரி’யும் ‘எரி’ என்றே தோன்றும். பதிப்பாசிரியர் படித்த வடிவத்தோடு கல்லில் உள்ள வடிவமும் தரப்பட்டிருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: கோயில் சுவரில் ஓர் ஏரி குறிப்பிடப்படுவதால் அது அவ்வூர் ஏரிதான் என்று ஆகிவிடாது. கொடையாக வந்த நிலம் வேறோர் ஊரில் இருந்திருக்கலாம். ‘கீழ்பாற்கெல்லை’, ‘வடபாற்கெல்லை’ என்று தொடங்கும் எல்லை வாசகத்தைப் படித்து, ஏரிக்கரை நிலத்துக்கு எத்திசையில் இருந்தது என்று பாருங்கள். நீங்கள் நிலைநிறுத்திய ஏரியின் கரையும் பாசன நிலமும் அத்திசையோடு பொருந்தவில்லையென்றால் அதை உங்கள் ஏரியாகச் சேர்க்காதீர்கள். மூன்றாம் படியில் இடத்தை முதலில் உறுதி செய்யச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும்.

7. தெளிவான எடுத்துக்காட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

உங்கள் ஊரின் வரிசை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிய, ஏற்கெனவே நன்கு அறியப்பட்ட சிலவற்றோடு ஒப்பிடுவது உதவும்.

மகேந்திரவாடி, மூன்று பெயர்கள் ஒருசேரப் பிறந்ததற்குச் சான்று. ஒரே பாறையைக் குடைந்து அமைத்த அக்கோயிலிலுள்ள முதலாம் மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு, மகேந்திர தடாகத்தின் கரையில் மகேந்திரபுரத்தில் மகேந்திர விஷ்ணுகிருகம் எடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. ஏரி, ஊர், கோயில் மூன்றும் மன்னனின் பெயரையே தாங்கின; இன்று ஊர்ப் பெயர்தான் அதை ‘வாடி’ என்ற ஈற்றோடு காத்து நிற்கிறது.

வீராணம் இதற்கு மாறானது; நான் புதியவர்களுக்கு முதலில் காட்டுவதும் இதைத்தான். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் சிறப்புப் பெயர். வீரநாராயணன் ஏரி வாய்வழக்கில் தேய்ந்து வீராணம் ஆனது. ஆனால் அதன் ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த வீரநாராயணபுரம், தேயவில்லை. முற்றிலும் விலகி, கோயிலை ஒட்டிக் காட்டுமன்னார்கோயில் ஆயிற்று. ஏரியின் வரிசையில் ஒலித்தேய்வு, ஊரின் வரிசையில் பெயர் மாற்றீடு. முழுப்பெயர் எஞ்சியிருப்பது மூன்றாவதோர் இடத்தில்: கோயிலில் உள்ள பெருமாளின் பெயர் வீரநாராயணன். அதனால் இரண்டு வரிசைகளோடு கோயில் மூலவரின் பெயரையும் ஒரு துணை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூரில் ஊர் பிழைத்தது, ஏரிப் பெயர் போயிற்று. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பதன் சுவடு இன்றைய பெயரில் தெளிவாகத் தெரிகிறது. பல்லவன் தந்திவர்மனின் சிறப்புப் பெயரான வைரமேகன் என்பதால் வழங்கிய வைரமேகத் தடாகம் இன்று உத்திரமேரூர் ஏரி மட்டுமே. குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற குழு வருகிறது. ஊர்ச்சபை இவ்வளவு நெருக்கமாக மேலாண்மை செய்த ஏரிக்கும் பெயர் நிலைக்கவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் வெட்டிய ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழகங்கம் என்று பெயரிட்டு, நீராலான வெற்றித்தூண் என்கிறது. இன்று அது பொன்னேரி. இரண்டு பெயர்களுக்கும் இடையே ஒலித் தொடர்பு எதுவும் இல்லை. இத்தகைய இடத்தில் ஒலியை நம்பித் தேடுபவர் தோற்பார். இடத்தை நிலைநிறுத்தித் தேடுபவருக்குத்தான் இரண்டும் ஒரே ஏரி என்பது புலப்படும்.

வாலாஜாபாத் அருகிலுள்ள தென்னேரியைப் பார்த்ததும் ‘தெற்கு ஏரி’ என்று பிரிக்கத் தோன்றும். கல்வெட்டு வடிவம் திரையனேரி. பொருள் எளிதாகத் தோன்றும் பெயரையே அதிகம் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் பொருள் மறந்துபோன பெயரைத் தமக்குப் புரியும் சொல்லாக்கிக்கொள்வது மக்கள் வழக்கம்.

8. தலபுராணத்தைக் கடைசியில் திறவுங்கள்

தலபுராணமும் ஊர்க்கதையும் பயனற்றவை அல்ல. முதலில் படித்தால்தான் கெடுதல். கதை ஒருமுறை மனத்தில் தங்கிவிட்டால், பிறகு காணும் ஒவ்வொரு கல்வெட்டும் அதையே உறுதிப்படுத்துவதுபோலத் தோன்றும்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதை 1798இல் கலெக்டராக இருந்த பிளேஸ் துரையைச் சுற்றி அமைந்தது. ஊர்ப் பெயரோ மதுரையை வென்ற சோழர் சூடிய பட்டத்திலிருந்து வந்தது. கதை கோயிலின் பெயருக்கு விளக்கம் தருகிறது. ஊரின் பெயருக்கோ ஏரியின் வயதுக்கோ அது சான்றாகாது. எந்தக் கதை எந்த வரிசைக்கு உரியது என்று குறித்துக்கொண்டால் கதையையும் இழக்க வேண்டியதில்லை, வரலாறும் குழம்பாது.

9. ஊருக்குச் செல்லும் மாதத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகின்றன. இந்த வேலைக்கு அது பொருந்தாத காலம். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்திருக்கும். ஜூன் விடுமுறையில் நீர் வற்றி, ஏரியின் உட்பகுதியில் நிற்கும் குமிழித் தூம்பின் (நீரை வெளியேற்றும் பழைய மதகின்) கற்றூண்கள் வெளிப்படும். புதுக்கோட்டைப் பகுதியில் இத்தூண்களிலேயே கல்வெட்டுகள் உள்ளன. கோயில் சுவரில் உள்ளதைவிடத் தூம்பில் உள்ள எழுத்துக்கு மதிப்பு அதிகம், ஏனெனில் அது நிற்கும் ஏரியைப் பற்றியே பேசுகிறது.

புறப்படும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் கோயில் பொறுப்பாளரிடமும் ஊர் உறவினர் வழியாகச் சொல்லி வைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஏரிப் புறம்போக்கை அளந்து பார்ப்பவரை நிலத் தகராறுக்கு வந்தவர் என்று ஊரார் எண்ணுவது இயல்பே.

கல்லின்மேல் எண்ணெய், சுண்ணாம்பு, மாவு எதையும் பூசாதீர்கள். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் விழும்போது படம் எடுத்தால் எழுத்தின் பள்ளம் நிழலால் தெளியும். கல் நிற்கும் இடத்தையும் தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். திருப்பணியின்போது கற்கள் இடம்பெயர்ந்து படிக்கட்டிலும் மதிலிலும் புகுந்திருப்பது உண்டு. அப்படிப்பட்ட கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டறியாமல் அதன் செய்தியை அவ்வூருக்கு எழுதிவிடக் கூடாது.

மடைகளின் பெயர்களை நீர்பாய்ச்சும் ஆளிடம் கேளுங்கள். சில ஊர்களில் இவருக்கு நீர்க்கட்டி, சில ஊர்களில் மடையர், மடைக்குடும்பர் என்று பெயர். பட்டம் பெற்ற ஊர்ப் பெரியவரைவிட இவருக்கே அது தெரிந்திருக்கும்.

10. இரண்டு வரிசைகளாக எழுதிவைத்தல்

ஏரிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள். தேவைப்பட்டால் கோயிலுக்கு மூன்றாவது. ஒவ்வொரு பெயருக்கும் ஆவணத்தில் உள்ள அதே எழுத்து வடிவம், அதன் ஆண்டு அல்லது ஆட்சியாண்டு, ஆவணம் இருக்கும் இடம், மாற்றத்தின் வகை ஆகியவற்றை எழுதுங்கள். வகைகள் நான்கு போதும்: ஒலித்தேய்வு, எழுத்துக்கூட்டல் வேறுபாடு, முழு மாற்றீடு, வகைச் சொல்லாகக் கரைந்தது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘உறுதி’, ‘வாய்ப்பு’, ‘ஊர்வழக்கு’ என்ற மூன்றில் ஒன்றைக் கட்டாயம் இடுங்கள். ‘ஆன’ இணைப்போ பொருந்தும் எல்லை வாசகமோ இருந்தால் மட்டும் ‘உறுதி’. நாட்டின் பெயர் பொருந்தி ஊர்ப் பெயரின் ஒலியும் ஒத்தால் ‘வாய்ப்பு’. வாய்மொழி மட்டும் என்றால் ‘ஊர்வழக்கு’. இக்குறி இல்லாத பட்டியல் குடும்பப் புலனக் குழுவில் ஒருமுறை பகிரப்பட்டால், ஊகமும் உறுதியும் ஒன்றாகக் கலந்து திரும்பி வரும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கும் ஆங்கிலேயர் அளவைக்கும் இடையே பல ஊர்களுக்கு நீண்ட வெற்றிடம் விழும். அதைக் கதையால் நிரப்ப வேண்டாம். அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, முன்னும் பின்னும் கிடைத்த கடைசி, முதல் ஆண்டுகளை மட்டும் குறித்துவிடுங்கள். நாயக்கர், சேதுபதி, தஞ்சை மராட்டியர் காலச் செப்பேடோ ஓலையோ பின்னர் கிடைத்தால் எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அப்போது உடனே தெரியும்.